ஈவா கோர்-பூத்: யேட்ஸின் கவிதைக்கு வெளியே அவரை எப்படி அறிமுகம் செய்வது?

கேள்வி: தாழைமடல்

அனைவருக்கும் வணக்கம். சிற்றிதழ் ஒன்றின் மொழிபெயர்ப்புச் சிறப்பிதழுக்காக, அயர்லாந்துப் பெண் கவிஞர் ஒருவரின் நான்கைந்து கவிதைகளையும் அவரைப் பற்றிய ஓர் அறிமுகக் கட்டுரையையும் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் ஈவா கோர்-பூத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். 1870ஆம் ஆண்டு ஸ்லைகோ மாவட்டத்தின் லிசடெல் மாளிகையில் நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்து, 1926இல் லண்டனில் மறைந்தவர் அவர். வாக்குரிமைக்காகவும் பெண் தொழிலாளர்களின் கூலிக்காகவும் போருக்கு எதிராகவும் உழைத்தவர் என்பது வரை எல்லாக் குறிப்புகளும் சொல்கின்றன. ஆனால் அவரைப் பற்றித் தேடும்போதெல்லாம் ஒன்று அயர்லாந்தின் பெருங்கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸின் கவிதை எதிரே வந்து நிற்கிறது. இல்லையென்றால் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளினில் நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சியில் துப்பாக்கி ஏந்திய அவருடைய அக்காள் கான்ஸ்டன்ஸ் மார்க்கீவிச் வந்து நிற்கிறார். இருவருக்கும் நடுவில் ஈவா தெரிவதே இல்லை.

சகோதரிகள் இருவரும் இறந்தபின் 1927இல் யேட்ஸ் எழுதிய அந்த இரங்கற்கவிதையில், இளமைக்கால ஈவா மான் போன்ற அழகியாக வருகிறார். அடுத்த சில வரிகளிலேயே, இளையவள் எதைக் கனவு கண்டாளோ எனக்குத் தெரியாது, ஏதோ தெளிவற்ற பொன்னுலகமாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டு, மூப்பில் வற்றி எலும்புக்கூடாகிப்போன அவர் உருவத்தையே அத்தகைய அரசியலின் சின்னமாகக் காட்டுகிறார். இந்த மதிப்பீட்டில் நியாயம் உண்டா? ஆயுதப் போராட்டத்தை எந்த நிலையிலும் ஏற்காத ஒருவர், ஆயுதம் ஏந்தியதற்காக மரண தண்டனை வரை சென்ற அக்காளுக்கு ஆதரவாக நின்றதை முரண்பாடு என்று கொள்வதா? மேலும், கவிதைகளின் தரம் குறித்து ஒளிவுமறைவில்லாத கருத்தை அறிய விரும்புகிறேன். அறிமுகம் செய்கிறோம் என்பதற்காக இல்லாத பெருமையை ஏற்றிச் சொல்ல எனக்கு மனமில்லை.

பதில் 1: பஞ்சாலைத்தெரு

தாழைமடல் அவர்களுக்கு, யேட்ஸின் வரிகளுக்கு மறுப்பு ஈவாவின் மான்செஸ்டர் ஆண்டுகளில்தான் இருக்கிறது. ஆகவே உங்கள் கட்டுரையின் நடுப்பகுதியை அந்த நகரத்துக்கே கொடுத்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. யேட்ஸ் லிசடெல் மாளிகைக்கு விருந்தினராகச் சென்றது 1894ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில். அவர் மனத்தில் பதிந்த ஈவா அந்த மாளிகையின் தெற்கு நோக்கிய பெரிய சன்னல்களுக்கு முன் பட்டாடையில் நின்ற இருபத்து நான்கு வயதுப் பெண். அதற்குப் பின் ஈவா எந்தத் தெருக்களில் நடந்தார் என்பதைக் கவனிக்க யேட்ஸ் பெரிதாக முயன்றதாகத் தெரியவில்லை.

1896இல் காசநோயோ என்ற ஐயத்தின் பேரில் ஈவாவை இத்தாலியின் கடற்கரை ஊரான போர்டிகேராவுக்கு அனுப்பினார்கள். எழுத்தாளர் ஜார்ஜ் மெக்டொனால்டின் இல்லத்தில் அவர் எஸ்தர் ரோப்பரைச் சந்தித்தது அங்கேதான். எஸ்தர் சிறுவயதில் ஆலை வேலைக்குப் போய்ப் பின்னர் கிறித்தவ ஊழியரான ஒருவரின் மகள். மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்ற முதல் தலைமுறைப் பெண்களில் ஒருவர். அப்போதே மான்செஸ்டர் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் செயலாளர். ஊர் திரும்பிய ஈவா அதே ஆண்டு டிசம்பரில் அக்காள் கான்ஸ்டன்ஸ், தங்கை மேபல் ஆகியோருடன் ஸ்லைகோ பகுதியில் ஒரு வாக்குரிமைச் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே மாளிகையை விட்டு மான்செஸ்டருக்குக் குடிபெயர்ந்து எஸ்தருடன் வாழத் தொடங்கிவிட்டார். நுரையீரல் நோய் இருக்கலாம் என்று மருத்துவர்கள் ஐயுற்ற ஒருவர், ஆலைப் புகை சூழ்ந்த நகரத்தைத் தேடிப் போனார் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

லங்காஷயர் பருத்தி ஆலைகளில் பெண்கள் பெருந்தொகையாக வேலை செய்தார்கள். நெசவாளர் சங்கங்கள் பலவற்றில் உறுப்பினர்களில் பெரும்பகுதி அவர்களே. எனினும் சங்கத் தலைமை ஆண்களிடம் இருந்தது, வாக்கும் ஆண்களிடமே இருந்தது. 1902இல் கிளிதரோ தொகுதியில் நெசவாளர் சங்கத்தின் டேவிட் ஷாக்கிள்டன் தொழிற்கட்சி சார்பில் போட்டியின்றி நாடாளுமன்றம் சென்றார். உறுப்பினர்களுக்கு அக்காலத்தில் அரசு ஊதியம் கிடையாது என்பதால், அவரைப் போன்றோரின் செலவைச் சங்கச் சந்தாவிலிருந்தே ஈடுசெய்தார்கள். அதாவது, வாக்கில்லாத பெண்களின் கூலியில் பிடித்த காசு, அவர்கள் தேர்ந்தெடுக்க முடியாத ஒருவரை நாடாளுமன்றத்தில் உட்கார வைத்தது. வாக்குரிமையைச் சீமாட்டிகளின் கௌரவப் பிரச்சினையாகப் பார்க்காமல் கூலிப் பிரச்சினையாகப் பார்க்க ஈவாவுக்கும் அவருடைய தோழியருக்கும் இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியிருக்கவில்லை. வாக்கில்லாத தொழிலாளிக்குப் பேரம் பேசும் வலு இல்லை, ஆகவேதான் பெண்ணின் கூலி தாழ்ந்தே கிடக்கிறது என்பதுதான் மேடைதோறும் அவர்கள் எடுத்துவைத்த வாதம்.

1900ஆம் ஆண்டு மே முதல் நாளில் பிளாக்பர்னில் ஒரு திறந்தவெளிக் கூட்டத்தோடு கையெழுத்து இயக்கம் தொடங்கியது. ஆலை வாசல்களில் வேலை விடும் நேரத்தில் நின்றும், வீடு வீடாக ஏறியும் பெண் தொழிலாளர்களிடம் மட்டுமே கையெழுத்துத் திரட்டி, 1901 வசந்தத்தில் 29,359 பெயர்களுடன் அந்த மனுவை ஆலைப் பெண்களே லண்டனுக்கு எடுத்துச் சென்று நாடாளுமன்றத்தில் சேர்ப்பித்தார்கள். அதே 1900இல் மான்செஸ்டர்–சால்ஃபோர்ட் பெண்கள் தொழிற்சங்கக் கழகத்தின் இணைச் செயலாளராக ஈவா பொறுப்பேற்றார். உடன் பணியாற்றிய சாரா டிக்கின்சன் ஆலையில் வேலை பார்த்து வளர்ந்தவர். வாக்குரிமையைத் தன் கோரிக்கையாக ஏற்க அந்தக் கழகம் மறுத்தபோது, 1904இல் இருவரும் அதை விட்டு வெளியேறிப் புதிய அமைப்பொன்றைக் கட்டினார்கள். அவர்களைப் பின்பற்றிச் சில சங்கங்களும் வெளியேறின. கணக்கு எழுதுவது, சந்தா வாங்குவது, மழையில் நின்று பேசுவது, அமைப்பு பிளந்தால் மறுநாளே இன்னொன்றைத் தொடங்குவது என்று பதினாறு ஆண்டுகள் மான்செஸ்டரில் உழைத்த ஒருவரின் அரசியலைத் 'தெளிவற்ற கனவு' என்று சொல்வது, அழகான கவிதைக்குள் இருந்தாலும், தவறான தகவல்தான்.

ஆன்கோட்ஸ் என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் பல்கலைக்கழகத்தார் நடத்திய சேவை மையத்தில், ஆலைப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஷேக்ஸ்பியர் நாடகங்களை அவர் வாசித்தும் நடித்தும் வந்தார். இதையும் மறவாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மையத்தின் கட்டடத்தில் 1928இல் அவர் நினைவாக ஒரு வண்ணக் கண்ணாடிச் சன்னல் வைத்தார்கள். பிற்காலத்தில் கட்டடத்தை இடித்தபோது அதுவும் போயிற்று.

பதில் 2: வடமீன்

பஞ்சாலைத்தெரு சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் ஈவாவை எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரு நல்ல மனிதராகச் சித்திரிக்கும் ஆபத்து அதில் இருக்கிறது. அவர் சர்ச்சைக்குரிய முடிவுகளை எடுத்தவர். அவற்றை விட்டுவிட்டால் கட்டுரை உயிரற்றுப் போகும்.

1908இல் லிபரல் அரசு கொண்டுவந்த மதுக்கடை உரிம மசோதாவில், மதுக்கடைகளில் பெண்கள் பரிமாறும் வேலையைத் தடைசெய்ய உள்ளூர் நீதிபதிகளுக்கு இடமளிக்கும் ஒரு பிரிவு இருந்தது. மதுவிலக்கு இயக்கத்தினர் அதைப் பெண்களின் மானத்தைக் காக்கும் ஏற்பாடாகக் கொண்டாடினார்கள். ஈவா அதில் கண்டது, ஆயிரக்கணக்கான பெண்களின் பிழைப்பைப் பறிக்க வரும் சட்டத்தை. மதுக்கடைப் பெண்களுக்கென ஒரு தற்காப்புச் சங்கத்தை அமைத்தார். அந்த ஏப்ரலில் மான்செஸ்டர் வடமேற்குத் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. அக்கால வழக்கப்படி அமைச்சராக நியமிக்கப்பட்டவர் மீண்டும் தன் தொகுதியில் வென்று வர வேண்டும் என்பதால், வின்ஸ்டன் சர்ச்சில் களத்தில் நின்றார். ஈவா அக்காளை டப்ளினிலிருந்து வரவழைத்தார். கான்ஸ்டன்ஸ் நான்கு வெள்ளைக் குதிரைகள் பூட்டிய வண்டியைத் தானே ஓட்டி வந்து நிறுத்த, ஈவாவும் எஸ்தரும் அதன் மேலிருந்து பேசினார்கள். 'உனக்குச் சமைக்கத் தெரியுமா?' என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டதற்கு, 'தெரியும். நான்கு குதிரை வண்டியை ஓட்ட உனக்குத் தெரியுமா?' என்று கான்ஸ்டன்ஸ் திருப்பிக் கேட்ட கதை பரவலாகச் சொல்லப்படுவது. சர்ச்சில் 429 வாக்குகளில் தோற்றார். அவர் தோற்றதற்கு வேறு பல காரணங்களும் உண்டு, ஆகவே முழுப் புகழையும் ஈவாவுக்குக் கொடுத்துவிடாதீர்கள். வென்றவரோ கன்சர்வேட்டிவ் கட்சியின் ஜாய்ன்சன்-ஹிக்ஸ். தொழிலாளர் பக்கம் நின்ற ஒருவர் கன்சர்வேட்டிவ் வேட்பாளருக்குச் சாதகமாக முடிந்த பிரசாரத்தை நடத்தினார் என்ற குறை அன்றும் சொல்லப்பட்டது, இன்றும் சொல்லலாம். அதே தேர்தலில் சோசலிச வேட்பாளர் ஒருவரும் நின்றார் என்பதால் அந்தக் குறைக்கு வலுவும் உண்டு.

என் பார்வையில் அவர் செய்தது சரிதான். நிலக்கரிச் சுரங்க வாயில்களில் கரி பிரிக்கும் பெண்களை 'பாதுகாப்பு' என்ற பெயரில் வெளியேற்ற 1911இல் முயற்சி நடந்தபோதும் அவர் அதே வாதத்தையே வைத்தார். கூலியை உயர்த்தாமல், வேலை நேரத்தைக் குறைக்காமல், வேலையையே பறிக்கும் பாதுகாப்பு யாருக்கு வேண்டும்? வாக்கில்லாதவர்களைப் பாதுகாக்கச் சட்டம் செய்கிறவர்கள் அவர்களிடம் ஒரு சொல் கேட்பதில்லை என்ற கோபம் அவருடைய துண்டறிக்கைகளில் தெறிக்கிறது.

தீவிர வாக்குரிமைப் போராட்டத்தை நடத்திய பாங்க்ஹர்ஸ்ட் குடும்பத்தோடு ஏற்பட்ட விலகலையும் எழுதுங்கள். கிறிஸ்டபெல் பாங்க்ஹர்ஸ்டை வாக்குரிமைப் பணிக்குள் இழுத்து வந்து, சட்டம் படிக்கத் தூண்டியவர்கள் ஈவாவும் எஸ்தருமே. பின்னர் கிறிஸ்டபெல் காவலரோடு மோதிச் சிறைசெல்லும் வழியைத் தேர்ந்தபோது இவர்கள் விலகினார்கள். 1906இல் மிதவாத வாக்குரிமை இயக்கத் தலைவர் மிலிசென்ட் ஃபாசெட்டுக்கு எழுதிய கடிதத்தில், ஆர்ப்பாட்டமோ வன்முறையோகூடத் தொழிலாளப் பெண்களைப் புண்படுத்தவில்லை, படித்த மேல்தட்டுப் பெண்கள் உதைத்தும் கடித்தும் துப்பியும் செய்கிற செயலுக்குத் தாங்கள் ஒரு வர்க்கமாகப் பொறுப்பாக்கப்படுவதே புண்படுத்துகிறது என்ற பொருளில் ஈவா எழுதினார். மேல்தட்டில் பிறந்த ஒருவரே இதை எழுதினார் என்பதுதான் சுவையானது.

பதில் 3: ஏட்டடுக்கு

முரண்பாடு பற்றிய கேள்விக்கு என்னால் இயன்ற விளக்கம் இது.

போரை எதிர்த்ததில் ஈவா ஒருபோதும் நெகிழவில்லை. 1914 கிறிஸ்துமஸ் காலத்தில் ஜெர்மனி, ஆஸ்திரியா நாட்டுப் பெண்களுக்குப் பிரிட்டிஷ் பெண்கள் எழுதிய சமாதானக் கடிதத்தில் அவர் கையெழுத்து இருக்கிறது. 1916இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்தபின், மனசாட்சியின் பேரில் போருக்குச் செல்ல மறுத்த இளைஞர்களை விசாரித்த தீர்ப்பாயங்களில் போய் உட்கார்ந்து, நடந்ததைக் கண்டு எழுதினார். அப்போது அவர் உடல்நிலை மோசமாகிக்கொண்டிருந்தது. மூச்சுத் தொல்லையின் காரணமாகவே 1913இல் இருவரும் மான்செஸ்டரை விட்டு லண்டனுக்கு வந்திருந்தார்கள்.

1916 ஏப்ரல் இறுதியில் டப்ளினில் எழுச்சி வெடித்தது. செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்காவில் நின்ற படைப்பிரிவில் துணைத் தளபதியாக இருந்த கான்ஸ்டன்ஸுக்கு மரண தண்டனை விதித்து, பெண் என்ற ஒரே காரணத்தால் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்கள். மே மாதத்தில் ஈவாவும் எஸ்தரும் டப்ளினுக்கு விரைந்து மவுண்ட்ஜாய் சிறையில் அவரைக் கண்டார்கள். எழுச்சித் தலைவர்களில் ஒருவரான ஜேம்ஸ் கானலியைச் சுட்டுவிட்டார்களா என்று கான்ஸ்டன்ஸ் கேட்டார். வெளிச்செய்தி எதுவும் சொல்லக் கூடாது என்று வந்தவர்களுக்குத் தடை. அவர்களுடைய முகத்தைப் பார்த்தே அவர் அறிந்துகொண்டார் என்று எஸ்தர் எழுதியிருக்கிறார்.

அதே பயணத்தில் ஈவா, அயர்லாந்தின் வாக்குரிமைப் போராளி ஹன்னா ஷீஹி-ஸ்கெஃபிங்டனையும் சென்று கண்டார். ஹன்னாவின் கணவர் பிரான்சிஸ் ஆயுதத்தைத் தொடாத சமாதானவாதி. கடைகள் சூறையாடப்படுவதைத் தடுக்கத் தெருவில் இறங்கியவர். அவரைப் பிடித்துச் சென்ற ராணுவ அதிகாரி ஒருவரின் ஆணைப்படி, எந்த விசாரணையும் இல்லாமல் ஏப்ரல் 26 காலையில் போர்டோபெல்லோ முகாமில் சுட்டுக் கொன்றார்கள். ஆகவே 1916 ஈவாவுக்கு இரண்டு விதமான துயரங்களைக் கொண்டுவந்தது: ஆயுதம் ஏந்தியவர்களின் சாவு, ஏந்த மறுத்தவரின் சாவு. இரண்டையும் அவர் ஒன்றாகக் குழப்பவில்லை. 1918இல் வெளிவந்த 'உடைந்த பெருமை' தொகுப்பில் ஈஸ்டர் வாரத்தைப் பற்றிய ஆறே வரிக் கவிதை ஒன்று உண்டு. அந்தப் போரில் தான் பங்கு கொள்ளவில்லை, யார் குருதி சிந்தியதற்கும் வருந்துகிறேன் என்று முதலில் சொல்லிவிட்டு, ஆயினும் அவர்களின் உடைந்த பெருமையை, விதியைப் பார்த்து அவர்கள் கேட்ட விசித்திரமான கேள்வியை, நம் கந்தல் வாழ்வில் பொன்னிழையாக ஓடுவதாகக் காண்கிறார். தொகுப்பின் பெயரே அந்த வரியிலிருந்து வந்தது. உங்கள் கேள்விக்கு அவரே தந்த விடை அது. அதை முதல் கவிதையாக மொழிபெயர்த்தால், முரண்பாட்டைப் பற்றி நீங்கள் தனியாக விளக்க வேண்டிய தேவை குறையும்.

பின்னர், தேசத்துரோகக் குற்றத்துக்காக மரண தண்டனை பெற்ற அயர்லாந்து விடுதலைப் போராளி ரோஜர் கேஸ்மென்ட்டின் உயிரைக் காக்க நடந்த முயற்சியிலும் ஈவா முன்னணியில் நின்றார். பலன் கிட்டவில்லை, 1916 ஆகஸ்ட் 3 அன்று பென்டன்வில் சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அக்காள் ஐல்ஸ்பரி சிறைக்கு மாற்றப்பட்ட பிறகு, நாள்தோறும் குறித்த ஒரு வேளையில் இருவரும் சில நிமிடங்கள் ஒருவரை ஒருவர் நினைப்பது என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஈவா இத்தகைய உள்ளத் தொடர்பை உண்மையாகவே நம்பியவர். 'தோழியர்' என்ற கவிதையில், இரவின் அமைதி உன் இரும்புக் கதவுகளை உடைத்து நுழைகிறது, விலக்கப்பட்ட கைகள் உன் கைகளைப் பற்றுகின்றன என்று பாடுவதை வெறும் உருவகமாகப் படிக்க வேண்டாம்.

தாழைமடல்

மூவருக்கும் நன்றி. மதுக்கடைப் பெண்களின் செய்தியை நான் கட்டாயம் சேர்ப்பேன். அதைப் பற்றி நான் படித்த குறிப்புகள் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. இன்னும் இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. எஸ்தர் ரோப்பரை எப்படிக் குறிப்பிடுவது? தோழி என்றால் குறைத்துச் சொல்வதாகவும், வேறு சொல் இட்டால் அவர்கள் சொல்லாததைச் சொல்வதாகவும் படுகிறது. அடுத்து, கவிதைகளின் தரம் பற்றி இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பதில் 4: பஞ்சாலைத்தெரு

வாய் திறக்கத் தயங்கியதற்குக் காரணம் உண்டு. ஈவா நிறைய எழுதினார். அவற்றில் கணிசமானவை இன்று படிக்கச் சோர்வு தருகின்றன. அழகு, ஒளி, ஆன்மா, நித்தியம் என்று பெரிய சொற்கள் முதலெழுத்தை உயர்த்திக்கொண்டு வரிசையாக வருகின்றன. ஓசை நன்றாக இருக்கும், கண்ணுக்கு எதுவும் தட்டுப்படாது. அயர்லாந்துத் தொன்மக் கதைகளில் வரும் மேவ் அரசியை வைத்து அவர் எழுதிய கவிதை நாடகத்திலும் இந்தக் குறை இருக்கிறது. அதன் ஒரு பகுதியைக் கான்ஸ்டன்ஸ் வரைந்த ஓவியங்களோடு 1916இல் தனி நூலாக வெளியிட்டார்கள் என்பதால் வரலாற்று மதிப்பு இருக்கிறது, அவ்வளவே.

ஊர்ப்பெயரோ கோபமோ உள்ளே நுழையும்போது அவர் வேறொரு கவிஞராகிவிடுகிறார். 1904ஆம் ஆண்டுத் தொகுப்பில் வந்த 'பிரெஃப்னியின் சிற்றலைகள்' அயர்லாந்தில் பலருக்கும் மனப்பாடமான பாட்டு. வண்டிகள் ஓடும் பெருவழியை விடக் குளூனாவின் சிறு பாதைகள் தன் நெஞ்சுக்குள் அலைந்து திரிவதைச் சொல்வது. அதை விட்டுவிடாதீர்கள், ஆனால் அதோடு நிற்கவும் வேண்டாம். 'தெருப் பேச்சாளர்' என்ற கவிதையில் கிளிதரோவின் சந்தைச் சதுக்கத்தில் நின்று பேசியபோது மலையில் படிந்த ரோசா ஒளியைச் சொல்லிவிட்டு, ஓல்டம் நெசவாளர்கள் மென்மையானவர்கள், ஹாஸ்லிங்டனில் ஒருவர் என்னை ஏளனம் செய்தார், பர்ன்லியில் எல்லோரும் அன்பாக இருந்தார்கள் என்று ஊர் ஊராக எண்ணிக்கொண்டு போகிறார். பிரசாரப் பயணத்தின் நாட்குறிப்பையே பாட்டாக்கிய துணிவு எனக்குப் பிடிக்கும். யேட்ஸுக்கும் அது ஒரு பதில் அல்லவா? 'பெண்ணுரிமை' என்ற கவிதையில் ஸ்லைகோவின் கிளென்கார் அருவி வருகிறது; ஆண்களுக்குக் கோபுரங்களும் மதில்களும் இருக்கின்றன, நமக்குப் பாறைகளும் அருவிகளும் இருக்கின்றன என்ற வரி அதில்தான். ஏட்டடுக்கு சொன்ன ஆறு வரிக் கவிதையோடு இவற்றையும் சேர்த்தால் நான்காயிற்று.

ஐந்தாவதாக ஒன்றைச் சேர்ப்பதே எஸ்தர் பற்றிய கேள்விக்கும் விடையாகும். 'பயணிகள்' என்ற கவிதையை ஈவா எஸ்தரின் பெயரெழுத்துகளுக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார். அலையேற்றம் இல்லாத அந்தக் கடலோரத்தில் நம் வாழ்வின் இரைச்சலும் அவசரமும் ஓய்ந்தது வியப்பல்லவா, ஒலிவக் கிளைகளின் அடியில் நாம் அமைதி கண்டோமே என்று போர்டிகேரா நாட்களை நினைவுகூரும் கவிதை. அவர்கள் உறவுக்கு நீங்கள் ஒரு பெயர் சூட்ட வேண்டியதில்லை. 1897 முதல் ஈவா இறக்கும் வரை ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள், எல்லாப் பணிகளையும் சேர்ந்தே செய்தார்கள், ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரே கல்லறையில் புதைக்கப்பட்டார்கள் என்று உள்ளதை எழுதிவிடுங்கள். கூடவே, 1916இல் இவர்கள் இருவரும் தாமஸ் பேட்டி முதலிய சில நண்பர்களும் தொடங்கிய 'யுரேனியா' என்ற தனிச்சுற்று இதழைப் பற்றி இரண்டு பத்தியாவது எழுதுங்கள். ஆண், பெண் என்ற பிரிவே மனிதருக்குத் தற்செயலாக வாய்த்தது, அதை வைத்து வாழ்க்கையை வகுப்பது தவறு என்ற கொள்கையை அது விடாமல் பேசியது. ஈவா இறந்த பின்னும் 1940 வரை வந்தது. தங்கள் உறவைப் பற்றி நேரடியாக எதுவும் எழுதாத இருவர், அந்த இதழில் எல்லோரையும் பற்றி எழுதினார்கள்.

பதில் 5: ஏட்டடுக்கு

ஒரு நடைமுறைச் செய்தி மட்டும். மூலத்துக்கு 1929இல் வந்த முழுத் தொகுப்பையே பயன்படுத்துங்கள். அதன் முன்னுரை எஸ்தர் எழுதிய வாழ்க்கை வரலாறு. கான்ஸ்டன்ஸின் சிறைக் கடிதங்களை 1934இல் பதிப்பித்தவரும் எஸ்தரே. ஆகவே நமக்குக் கிடைக்கும் ஈவாவின் உருவத்தில் பாதி எஸ்தர் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும். தொழிற்சங்கப் பூசல்களை விட ஆன்மிகத் தேடலுக்கு அவர் அதிக இடம் கொடுத்திருப்பார். ஈவா இறந்தது 1926, எஸ்தர் 1938. இறந்து 60 ஆண்டுகள் என்ற நம் நாட்டுக் காப்புரிமைக் கணக்குப்படி இருவர் எழுத்துகளையும் மொழிபெயர்க்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. பின்னர் வந்த ஆய்வாளர்களின் நூல்களிலிருந்து நீண்ட பகுதிகளை எடுப்பதாக இருந்தால் மட்டும் உங்கள் ஆசிரியர் முன்கூட்டியே பதிப்பகத்தாருக்கு எழுதிக் கேட்பது நல்லது.